தென்காசி வட்டாரத்தில் பேச்சு, மொழிப் பயிற்சிப் பணி: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியாவில் பேச்சு, மொழிப் பயிற்சி தனித்தொழிலாக வளர்ந்த வரலாறு, 1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்திலிருந்தே பெரும்பாலும் தொடங்கப்பெறுகிறது. தென்காசியும் குற்றாலமும் 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஆகவே அம்மாவட்டத்தை முழுமையாகக் கொண்டு நோக்கின், இப்பணியின் வேர் மருத்துவமனையில் அன்றிப் பள்ளியில் இருப்பதை அறியலாம்.

பாளையங்கோட்டைப் பள்ளி

சமயப் பணியாளரான புளோரன்ஸ் ஸ்வெயின்சன் 1897இல் பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளியை நிறுவினார். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, சைகையினும் வாய்மொழிக் கல்வியே மேலானது எனத் தீர்மானித்திருந்தது. அவ்விவாதம் உலகெங்கும் ஓயாதிருந்த காலத்தில் இப்பள்ளி தோன்றியது. பேச்சுப் பயிற்சியாளர் என்னும் தொழிலினர் உருவாகாத அந்நாளில், குழந்தையின் மொழி வளர்ச்சி ஆசிரியரின் பொறுப்பாகவே இருந்தது.

எனினும் இத்தகைய பள்ளிகளுக்கு ஓர் எல்லை உண்டு. திக்குவாய், அண்ணப்பிளவு, பக்கவாதத்திற்குப் பின் நேரும் மொழியிழப்பு ஆகியவை செவிப்புலன் குன்றாதோர்க்கும் வருவன. இவர்கள் காதுகேளாதோர் பள்ளிக்குரியோர் அல்லர். ‘ஊமை’ என்னும் ஒற்றைச் சொல்வழக்கு இவ்வேறுபாடுகளை மறைத்தது.

சட்டத்தின் பார்வை

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளரை மறுவாழ்வுத் தொழிலினருள் ஒருவராக ஏற்றது. ஆனால் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் வகுத்த 7 குறைபாடுகளுள் பேச்சுக் குறைபாடு இடம்பெறவில்லை. 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டமே அதனைச் சேர்த்தது. தொழிலினருக்குக் கிடைத்த ஏற்பு, அவர்தம் உதவியை நாடுவோரை எட்ட 24 ஆண்டுகள் ஆயின. அப்போதும் குரல்வளை நீக்கம், மொழியிழப்பு போன்ற உடல், நரம்புசார் காரணங்களால் நேரும் நிலைத்த குறைபாடே வரையறைக்குள் வந்தது. திக்குவாயர் பலர் அதற்குள் எளிதில் அடங்கார்.

முடிவுரை

பேச்சுப் பயிற்சி ஒருநாள் மருத்துவம் அன்று. வாரந்தோறும் தொடர வேண்டுவது. குற்றாலத்திலிருந்து பாளையங்கோட்டை 50 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவு. கூலி வேலையை நம்பிய பெற்றோர்க்கு அத்தொலைவே பயிற்சியைக் கைவிடக் காரணமாகலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், மாவட்டந்தோறும் அமைய வேண்டிய தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடத்தை வகுத்துள்ளது. ஆகவே தென்காசி தனி மாவட்டமானது நிருவாக மாற்றம் மட்டுமன்று. இப்பணியை வீட்டருகே கோருவதற்குரிய அடிப்படையும் ஆகும்.