தாங்குவதும் சரிவதும்: சந்திரசேகர் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சுப்பிரமணியன் சந்திரசேகர் பற்றி நம்மிடையே புழங்கும் கதையாடல் ஒன்றுதான்: தமிழ் இளைஞன் கண்டுபிடித்தான், வெள்ளைக்காரன் அமுக்கினான், கடைசியில் நோபல் பரிசு வந்து நியாயம் வழங்கியது. இதை நான் சந்தேகிக்கிறேன். முழுப் பொய் என்பதால் அல்ல, ரொம்ப சௌகரியமாக இருப்பதால்.

முதலில் அறிவியல். நான் வசிக்கும் ஐயப்பன்தாங்கலின் பெயரிலேயே அது இருக்கிறது. தாங்கல் என்றால் சிறு ஏரி. வந்து சேரும் மழைநீரைக் கரை தாங்கி நிற்கும். நட்சத்திரத்தைத் தன் எடையே உள்நோக்கி அமுக்குகிறது. அணுக்கருக்கள் இணைவதால் எழும் வெப்பத்தின் அழுத்தம் தாங்குகிறது. எரிபொருள் தீர்ந்தால்? எலெக்ட்ரான்களை நெருக்க நெருக்க அவை எதிர்க்கும். அந்த எதிர்ப்பே கரையாக நின்று வெண்குறு விண்மீனைத் தாங்கும் என்று 1926இல் ரால்ஃப் ஃபௌலர் விளக்கினார்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது சந்திரசேகர், இதோடு சார்பியலையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். நெருக்கம் கூடினால் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது எடை அமுக்குகிற அளவுக்கு எதிர்ப்பு ஏறாது. கரை உடையும். இன்றைய கணக்கில் அந்த எல்லை சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டிய மையக்கரு நியூட்ரான் விண்மீன் ஆகலாம். அதுவும் தாங்காவிட்டால் கருந்துளை.

1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். இந்தச் சூத்திரத்தின்படி நட்சத்திரம் ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்குச் சுருங்கிப் போகும் என்பதை அந்த அரங்கில் தெளிவாகக் கண்டவர் அவர்தான். கண்டதனாலேயே மறுத்தார்: இப்படியொரு அபத்தத்தை இயற்கை அனுமதிக்காது, ஆகவே சூத்திரமே தப்பு. சபை சிரித்தது.

இதில் எடிங்டனை மட்டும் வில்லனாக்கிவிட்டால் நாம் தப்பித்துக்கொள்கிறோம். பாலி, ரோசன்ஃபெல்ட் போன்றவர்கள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். பொதுவில் எடிங்டனோடு மோத முன்வரவில்லை. அதிகாரம் மறுப்பவரின் குரலில் மட்டும் இல்லை. தனியே தலையாட்டிவிட்டு மேடையில் வாய் திறக்காதவர்களின் மௌனமே அதைத் தாங்குகிறது. நம் இயக்கங்களிலும் சிற்றிதழ்களிலும் நடக்காததா இது?

நம் கதையாடலிலும் மௌனங்கள் உண்டு. 1929இல் எஸ்தோனியாவின் வில்ஹெல்ம் ஆண்டர்சனும், 1930இல் லீட்ஸில் எட்மண்ட் ஸ்டோனரும் இத்தகைய எல்லையைத் தொட்டிருந்தார்கள். அந்தப் பெயர்களை நாம் சொல்வதில்லை. லண்டனில் விளிம்பில் நின்ற சந்திரசேகர், சென்னையில் மையத்தில் வளர்ந்தவர்: பிராமணக் குடும்பம், சித்தப்பா சி.வி. ராமன். அவர் படித்த அதே கல்லூரியில் இயற்பியல் படித்த லலிதா, நம் கதையில் வெறும் மனைவியாகத்தான் வருகிறார்.

சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1939இல் இதுபற்றி ஒரு நூல் எழுதிவிட்டு வேறு துறைகளுக்கு நகர்ந்தார். நோபல் வந்தது 1983இல். எடிங்டன் இறந்து 39 வருஷம் ஆகியிருந்தது. பரிசு ஒரு மனிதரைக் கௌரவித்தது, சரி. அன்று அரங்கில் சிரித்தவர்களையும் சும்மா இருந்தவர்களையும் அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வரலாறு எழுதுகிற நாம் கேட்டாக வேண்டும்.