பொம்மசந்திராவின் இன்சுலினும் சிறுநீர்ச் சோதனையும்

விளையாட்டு வீரர்களின் சிறுநீரில் ஊக்கமருந்தைத் தேடும் முறை ஒலிம்பிக் போட்டிகளில் 1968ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அதை ஆய்வுக்கூடங்களின் வரலாறாக மட்டும் எழுதுவது பாதிக் கதையே, ஏனெனில் புதிய சோதனைகளுள் பெரும்பாலானவை ஏற்கெனவே நோயாளிகளுக்கென விற்பனைக்கு வந்துவிட்ட மருந்துகளைத் துரத்திக்கொண்டுதான் பிறந்தன. மறுபாதியைப் பெங்களூரு அருகேயுள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டை போன்ற இடங்களில் தேட வேண்டும்.

ஓசூர் சாலையை ஒட்டிய அத்தொழிற்பேட்டையில் ஆலைகளைக் கொண்ட பயோகான் நிறுவனம், ஈஸ்ட் வகை நுண்ணுயிரைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலினை 2004இல் 'இன்சுஜென்' என்றும், அதன் திருத்திய வடிவமான கிளார்ஜினை 2009இல் 'பேசலாக்' என்றும் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீரிழிவாளர்க்கு உயிர்காக்கும் இன்சுலின், தசைக்குள் சர்க்கரையைச் செலுத்தும் இயல்பால் நலமுள்ள வீரர்களையும் ஈர்த்தமையால், தடைப்பட்டியலில் இடம்பெற்றது.

இதற்கு முன்னோடி, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோன். 1990இல் அது தடைசெய்யப்பட்டாலும், அதற்குரிய சிறுநீர்ச் சோதனை 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக்கில்தான் கைகூடியது. வெள்ளெலியின் உயிரணுவில் வளர்ந்த ஹார்மோனின் சர்க்கரைச் சங்கிலிகள் மனித உடலில் சுரப்பதன் சங்கிலிகளிலிருந்து வேறுபடுவதால், மின்புலத்தில் இரண்டும் வெவ்வேறு இடங்களில் பட்டைகளாகப் படிகின்றன என்பதே பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்ட வழி. பத்தாண்டு இடைவெளியில் எத்தனை பதக்கங்கள் கைமாறின என்பதை இனி எந்தக் கருவியாலும் கணக்கிட முடியாது.

ஸ்டீராய்டு வேட்டை ஒப்பளவில் எளிது. கர்நாடக ஓட்டக்காரர் அஸ்வினி அக்குஞ்சி உள்ளிட்ட பலர் 2011இல் மெத்தாண்டியனோன் என்ற செயற்கை ஸ்டீராய்டால் சிக்கியபோது, உடல் தானாக உருவாக்க இயலாத ஒரு பொருளின் தடயத்தைக் கண்டாலே போதுமானதாக இருந்தது.

இன்சுலினிலோ நிலைமை இரண்டாகப் பிரிகிறது. கிளார்ஜினில் ஓர் அமினோ அமிலம் மாற்றப்பட்டு இரண்டு கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் நிறைநிரல்மானி அதன் சிதைபொருளைச் சிறுநீரில் அடையாளம் காண்கிறது; இத்தகைய திருத்திய வடிவங்களுக்கான முறைகளை ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்டனர். மாறாக, ஆலையில் தயாராகும் மனித இன்சுலின் கணையம் சுரப்பதோடு அமைப்பில் முற்றிலும் ஒன்றே. மருத்துவர் வியக்கும் அந்த ஒற்றுமையே சோதனையாளரை இன்றும் திணறடிக்கிறது.