தனிப்பந்தியும் தனித் தொட்டியும்

2018 டிசம்பரில் அடையாறை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் மெஸ் ஒன்றில் அறிவிப்புகள் முளைத்தன. சைவம் சாப்பிடுவோருக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு இன்னொரு வாசல். கை கழுவும் தொட்டிகூடத் தனித்தனி. அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் அதை வெளியே கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்புகள் அகற்றப்பட்டன. பழி உணவு ஒப்பந்ததாரர் தலையில் விழுந்தது.

"அவரவர் சாப்பாடு அவரவர் விருப்பம், இதில் சாதி எங்கே வந்தது?" என்று நம்மிடம் கேட்பார்கள். விருப்பம் தட்டோடு முடிந்துவிடுகிறது தோழர்களே. வாசலையும் தண்ணீரையும் பிரிக்கச் சொல்வது தீட்டு.

இது புதிதல்ல. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. பொதுப்பணம் வாங்கிய அந்த விடுதியில் பிராமண மாணவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு. 1925இல் விவகாரம் வெடித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அப்படிச் செய்தோம் என்பது ஐயர் தரப்பின் பதில். அன்று பெற்றோர், 2018இல் ஒப்பந்ததாரர்! ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தச் சண்டை பெரிதும் பிராமணர், பிராமணரல்லாதார் பந்தி பற்றியது. நம் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பது அதில் மையக் கேள்வியாகவில்லை.

நமக்கென்று வந்தவை ஆதிதிராவிடர் நல விடுதிகள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி, கிராமத்திலிருந்து பெட்டியோடு வந்த எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் முதல் சென்னை முகவரி. 2025இல் அங்கே புதிய பத்து மாடிக் கட்டிடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அரசு தன் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டியது. வரவேற்கிறோம். ஆனால் தனி விடுதி நமக்குக் கூரை தந்ததே தவிர, பொது விடுதியின் புத்தியை மாற்றவில்லை.

டெல்லி எய்ம்ஸ் பற்றிய தோராட் குழு அறிக்கை 2007இல் வந்தது. தொல்லை தாங்காமல் தலித், பழங்குடி மாணவர்கள் சில விடுதிகளின் மேல்மாடிகளுக்கு ஒதுங்கியிருந்ததை அது பதிவு செய்தது. அங்கே அறிவிப்புப் பலகைகூடத் தேவைப்படவில்லை.

இட ஒதுக்கீடு நம்மைச் சேர்க்கைப் பட்டியல் வரை கொண்டுபோகும். அதன்பின் அறையைத் தீர்மானிப்பது விடுதிக் காப்பாளர், சாப்பாட்டு விதியை எழுதுவது மெஸ் கமிட்டி. இந்த ஆண்டு விடுதியில் சேரும் தோழர்கள் முதல் வாரத்திலேயே இரண்டைக் கேளுங்கள்: அறைகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றனவா? மெஸ் கமிட்டிக்குத் தேர்தல் எப்போது?