மூலிகை மருந்துகளும் கல்லீரல் நொதிகளும்

நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் நொதிகளே மாற்றி, உடலிலிருந்து வெளியேற்ற உதவுகின்றன. இவற்றுள் சைட்டோகுரோம் பி450 என்னும் நொதித் தொகுதி முதன்மையானது. சில மூலிகைகள் இந்நொதிகளின் வேகத்தைக் குறைக்கும். அப்போது மருந்து இரத்தத்தில் தேங்கித் தீங்கு விளைவிக்கலாம். வேறு சில வேகத்தைக் கூட்டும். அப்போது மருந்து பயனளிக்கும் முன்பே வெளியேறிவிடும்.

மிளகு, திப்பிலி

திரிகடுகு சூரணத்தில் சுக்குடன் மிளகும் திப்பிலியும் உள்ளன. இவ்விரண்டிலும் உள்ள பைப்பரின் சில நொதிகளைத் தடுக்கிறது. குடல் மருந்தை உறிஞ்சும் அளவையும் கூட்டுகிறது. வலிப்பு நோய்க்கான பெனிட்டோயின், மூச்சிரைப்புக்கான தியோபிலின், இரத்த அழுத்தத்திற்கான ப்ரொப்ரனலால் ஆகியவற்றின் இரத்த அளவு பைப்பரினால் உயர்வது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

இப்பண்பு மருத்துவத்திற்குப் பயன்பட்டதும் உண்டு. வழக்கமான 450 மி.கி. ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக 200 மி.கி. மட்டும் கொண்டு, 10 மி.கி. பைப்பரின் சேர்த்த காசநோய் மருந்து 2009-இல் இந்தியாவில் அறிமுகமானது. அளவறிந்து செய்தால் நன்மையாவது, அளவறியாமல் நிகழ்ந்தால் தீங்காகும்.

மஞ்சள்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் கொங்கு நாட்டின் அன்றாட உணவில் இடம்பெறுவது. சமையலில் சேரும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகள் வேறு வகையின. இவற்றில் பலவற்றில் உறிஞ்சுதலைப் பெருக்கப் பைப்பரினும் சேர்க்கப்படுகிறது. இத்தகைய மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளது.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

• காசநோய், வலிப்பு, எச்.ஐ.வி. மருந்துகள் உட்கொள்வோர்
• இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர்
• உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர்
• ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளோர்

நீங்கள் செய்ய வேண்டியவை

• சூரணம், லேகியம், கஷாயம், மாத்திரை அனைத்தையும் அவற்றின் உறையுடன் மருத்துவரிடம் காட்டவும். சித்த மருத்துவரிடம் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டவும்.
• மருத்துவர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம்.
• பெயரும் உட்பொருள்களும் அச்சிடப்படாத பொடிகளை வாங்க வேண்டாம்.
• மருத்துவர் கூறினால் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. பரிசோதனை செய்துகொள்ளவும். கல்லீரல் செல்கள் பாதிக்கப்படும்போது இவ்விரு நொதிகளும் இரத்தத்தில் உயரும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், பசியின்மை, தொடர் வாந்தி, வலப்பக்க மேல்வயிற்று வலி, உடல் அரிப்பு. இவை தோன்றினால், கீழாநெல்லி அருந்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனையை அணுகவும். காமாலைக்குக் காரணம் நீங்கள் உட்கொள்ளும் மருந்தாகவே இருக்கலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். குழப்பமோ மிகுந்த தூக்கக் கலக்கமோ காணப்பட்டால் 108-ஐ அழைக்கவும்.

மருத்துவ ஆலோசனைக்கு: 104. மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க: 1800-180-3024 (கட்டணமில்லை).