மாவு மூட்டையும் ஊர்ப் பெயரும்

1947 டிசம்பர் 10. ஓஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசு விழா. தன் அமைப்பின் சார்பில் பரிசு வாங்கப்போன பேராசிரியர் ஹென்றி கேட்பரியிடம் விழாவுக்கேற்ற கோட்டு இல்லை. போரில் நொந்துபோன புடாபெஸ்ட் இசைக்குழுவுக்கு அனுப்ப அமைப்பின் கிடங்கில் சேகரித்து வைத்திருந்த கோட்டுகளில் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பதினோரு நாள் முன்புதான், பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்தை ஐநா பொதுச்சபை நிறைவேற்றியிருந்தது. இந்த இரண்டு செய்திகளும் ஒரே வருஷத்தில் காசாவின் மணலில் வந்து சந்திக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

கேட்பரியின் அமைப்பு, அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு. குவேக்கர் கிறிஸ்தவர்கள் 1917இல் தொடங்கியது. எந்தப் போரிலும் துப்பாக்கி தொடமாட்டோம் என்று சொன்ன இளைஞர்களுக்கு மாற்றுச் சேவை தருவதுதான் அதன் முதல் வேலை. முதல் உலகப்போர் முடிந்ததும், தோற்ற ஜெர்மனியின் குழந்தைகளுக்குச் சோறு போட்டார்கள். 1938இல் யூதர்கள்மீது நாஜிகள் வெறியாட்டம் ஆடியபின், ரூஃபஸ் ஜோன்ஸும் இன்னும் இரண்டு குவேக்கர்களும் பெர்லினுக்கே போய், யூதர்களுக்கு உதவ அனுமதி கேட்டு கெஸ்டபோ அலுவலகத்தில் நின்றார்கள். பாலஸ்தீனமும் குவேக்கர்களுக்குப் புதிய இடமில்லை. ரமல்லாவில் 1869லிருந்தே அவர்களுடைய பெண்கள் பள்ளி நடந்துவந்தது.

1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். காசா என்பது சுமார் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கடற்கரைத் துண்டு. ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் வாழ்ந்துவந்த அந்தத் துண்டில் இரண்டு லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். மசூதி, பள்ளிக்கூடம், தோட்டம் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஜனங்கள். புரைஜில் பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன பாசறைகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள்.

ஐநாவின் சமரசத் தூதர் ஃபோல்க் பெர்னடோட் அந்த செப்டம்பரில் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் ஐநா ஒரு நிவாரணத் திட்டம் போட்டு, வேலையை மூன்று அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. காசா குவேக்கர்களுக்கு வந்தது. டிசம்பரில் அவர்கள் போய் இறங்கியபோது போர் நின்றிருக்கவில்லை. வெளிநாட்டுத் தொண்டர்கள் ஐம்பது பேர் அளவில்தான். மற்ற வேலையெல்லாம் செய்தது அகதிகளேதான். நேற்றுவரை ஆசிரியராகவும் குமாஸ்தாவாகவும் ஓட்டுநராகவும் இருந்தவர்கள்.

மாவு, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, குழந்தைகளுக்குப் பால். கூடாரங்கள். கூடாரத்துக்குள் பள்ளிக்கூடம். காலியான மாவுச் சாக்கு சட்டையானது. இதையெல்லாம் பங்கிட ஒரு பட்டியல் வேண்டும். அந்தந்த ஊரின் முக்தார், அதாவது ஊர்த் தலைவர், தன் சனங்களை அடையாளம் காட்ட, சொந்த ஊர்வாரியாகப் பெயர்கள் எழுதப்பட்டன. மஜ்தல், இஸ்தூத், ஹமாமா, யிப்னா. திரும்பிப் போக வழியில்லாத ஊர்களின் பெயர்கள் காசாவின் ரேஷன் பதிவேட்டில் உயிரோடு இருந்தன.

ரேஷன் கார்டு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது அரிசிக்கான சீட்டு மட்டுமில்லை, நீ யார், எந்த ஊர் என்பதற்கும் அதுதான் சாட்சி. காசாவிலும் அப்படித்தான் ஆனது. பிறப்பைச் சொன்ன குடும்பங்கள் இறப்பைச் சொல்லவில்லை. செத்துப்போன தாத்தாவின் பெயரில் வரும் மாவு, பேரனின் இரண்டாவது ரொட்டி. இதை மோசடின்னு சொல்றது சுலபம். ஆனால் ஐநா தரும் உணவுக்கு அளவு உண்டு. தலைகளை எண்ணிக் குறைக்கும் வேலை, யாரையும் சந்தேகப்பட விரும்பாத குவேக்கர்கள் தலையில் விழுந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. காசாவின் சொந்தக்காரர்கள் பலருக்கு வீடு இருந்தது, ஆனால் வயல் போர்நிறுத்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சாப்பாட்டுக்கு வழியில்லை. ஆனால் ஐநா கணக்கில் அவர்கள் ‘அகதி’ இல்லை. பசியைப் பார்த்து உதவுவது குவேக்கர் வழக்கம். விதியோ வந்த ஊரைப் பார்த்து உதவச் சொன்னது.

விநியோக வரிசையில் நின்ற மக்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: எங்களை ஊருக்கு அனுப்புங்கள். 1948 டிசம்பர் 11 அன்று ஐநாவின் 194ஆம் தீர்மானமும் திரும்பிப் போக விரும்புகிறவர்களை அனுமதிக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் வந்ததென்னவோ மாவு மூட்டை மட்டும்தான்.

1949இல் குழு ஐநாவிடம் தன் முடிவைச் சொன்னது. நேரடி நிவாரணம் இப்படியே நீண்டால் அகதிகளின் மனவலிமை சிதையும், வலியைத் தணித்துத் தணித்தே அரசியல் தீர்வும் தள்ளிப்போகும், ஆகவே நாங்கள் விலகுகிறோம். சோறு போட்டவர்களே, சோறு மட்டும் போட்டால் அநியாயத்துக்குத் துணைபோவதாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக வரிசையில் நின்றவர்களைப் பாதியில் விட்டுவிட்டு ஓடவில்லை. 1950 மே மாதம் ஐநாவின் புதிய அகதிகள் அமைப்பான உன்ரா பொறுப்பேற்கும்வரை இருந்து, பட்டியல்களை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அவர்கள் விலகியதால் தீர்வு வந்ததா? வரவில்லை. தற்காலிகம் என்று தொடங்கிய உன்ரா இன்னும் இருக்கிறது. ஆட்களை எண்ணியதிலும் ரேஷனைக் குறைத்ததிலும் குவேக்கர்களின் கையும் இருந்தது. அதை மறைத்துவிட்டு அவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. ஆனால் கருணைக்கும் தோழமைக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் பதினாறு பதினேழு மாதத்தில் காசா அவர்களுக்குக் காட்டியது.

அந்தப் பாடம் மறக்கப்படவில்லை என்றுதான் தோன்றுகிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு அதே குழு காசாவில் உணவு கொடுத்தது, கூடவே போர்நிறுத்தம் கேட்டது, ஆயுதம் அனுப்பாதே என்று தன் சொந்த நாட்டின் அரசிடமும் சொன்னது. 2025 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த விளம்பரத்தில் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லுக்குப் பதில் ‘போர்’ என்று போடலாமே என்று பத்திரிகைத் தரப்பு கேட்டதாகச் சொல்லி, விளம்பரத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ரஃபா முகாமில் ஒரு பகுதிக்கு யிப்னா என்று பெயர். 1948இல் யிப்னாவிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகளும் எந்த ஊர் என்று கேட்டால் யிப்னா என்பார்கள். இப்போது ரஃபாவும் பெரும்பாலும் இடிபாடாகக் கிடக்கிறது. அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் வேறெங்கோ ஒரு மாவு வரிசையில் நிற்கிறார்கள். இந்தத் தடவை ஊர் என்ற இடத்தில் அவர்கள் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கும்.