ஆற்றுப்படை காட்டிய ஆலைப்புகை

உணவு உருவாகும் இடத்திற்கே சென்று, செய்முறையைக் கண்டு, செய்பவர் கையாலேயே வாங்கிச் சுவைத்து வருவதை மேலைநாட்டார் கண்ட புதுப் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் உளர். தமிழர்க்கோ அது பழைய வழக்கம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் நாடிச் செல்லும் பாணனுக்கு வழி கூறுகையில், புகை சூழ்ந்த கரும்பாலைகளைக் காட்டுகிறார்; விரும்பினால் அங்கே கருப்பஞ்சாற்றைப் பருகிச் செல்லுமாறு பணிக்கிறார். அவ்வாலைகளில் காய்ச்சப்பெற்ற கட்டியை 'விசயம்' என்னும் சொல்லால் குறிக்கிறார். சொல் மறைந்தது, தொழில் மறையவில்லை.

நாட்றம்பள்ளிக்குத் தெற்கே, இன்று தருமபுரி எனப்படும் ஊரே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோரே கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் போற்றுகிறார். அஞ்சி வெறும் கற்பனை மன்னன் அல்லன் என்பதற்கு, திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டே சான்று. கரும்பு முதன்முதலில் நியூகினித் தீவில் பயிராக்கப்பட்டது என்பது இன்றைய அறிஞர் துணிபு. ஆகவே, அயல்நாட்டுப் பயிர் ஒன்றை வரவேற்று வளர்த்த செய்தியே ஔவையின் புகழுரையுள் பொதிந்திருக்கிறது எனலாம்.

2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்துள் நாட்றம்பள்ளி இன்று அடங்கியுள்ளது. அருகிலுள்ள கேத்தாண்டப்பட்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்தது. எனினும் இவ்வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் சிற்றாலைகளும் உண்டு. பொங்கல் நெருங்கும் நாள்களில் அங்குச் செல்வோர் மூன்று சுவைகளைக் காணலாம்.

முதற்சுவை, சாறு. எருதுகள் சுற்றிய மர உருளைகளின் இடத்தில், 1870களில் பீகாரின் பிகியாவில் தாம்சன், மில்ன் என்னும் இருவர் உருவாக்கிய இரும்பாலை நாடெங்கும் பரவிற்று. பின்னர் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தன. இரண்டாம் சுவை, பாகு. சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, பிழிந்துலர்ந்த சக்கையையே எரித்துக் காய்ச்சுவர்; சிறிது சுண்ணாம்பிட்டு, மேலெழும் அழுக்கை வழித்தெடுப்பர். பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரல்களால் உருட்டிப் பதம் பார்ப்பர். கருவி எதுவுமின்றிக் கண்ணும் விரலும் கூறும் தீர்ப்பு அது. மூன்றாம் சுவை, சூடு முற்றும் ஆறாத வெல்லம். ஒரு டன் கரும்பு ஏறத்தாழ 100 கிலோ வெல்லமாகிறது.

இச்சுவைக்கு இரு பகைகள் உள்ளன. ஒன்று, நிலத்தின் உப்பு. உவர்நிலக் கரும்பின் வெல்லம் கரிக்கும். நெடுநாள் நில்லாது இளகும். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வரலாற்றை, 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு உலகறியச் செய்தது. பல்லாயிரவர்க்குச் சோறிடும் தோல் தொழிலை வெறுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு தொழிலின் உப்பு இன்னொரு தொழிலின் இனிப்பைக் கெடுக்குமாயின், அதனைச் சொல்லாமல் விடுவதும் அறமன்று.

மற்றொரு பகை நம் கண்ணே. வெளுத்த வெல்லமே தூயது எனச் சந்தை கருதுவதால், 'ஹைட்ரோஸ்' என்னும் வேதிப்பொருளை இட்டு நிறத்தை வெளுக்கும் வழக்கம் பல இடங்களில் புகுந்தது. கலப்பில்லாத வெல்லம் பழுப்பு நிறத்தால் விலை குறைகிறது. கேட்பவர் கேட்பதையே செய்பவர் செய்வர். குற்றம் கொப்பரையில் தொடங்கவில்லை.

மாறாக, கேரளத்தின் மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கருநிறமே அதற்கு அடையாளமாயிற்று. பெயரும் மதிப்பும் கிடைத்தால் பழுப்பும் பெருமையாகும் என்பதற்கு அது சான்று.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்கள் வெல்லத்தை உவமையாகப் பலமுறை பாடியிருப்பர். உவமையின் உண்மைப் பொருள் அழிந்தபின் உவமை மட்டும் எத்தனை நாள் இனிக்கும்? பாணனுக்கு ஆலைக்கு வழிகாட்டியவன் ஒரு புலவன். அவ்வழியை இன்றுள்ளோர்க்குக் காட்டுவதும், பழுப்பு வெல்லத்தைக் கேட்டு வாங்குவதும் புலமையின் கடனே.