மாறும் மலையில் மாறாத அளவுகோல்: பொழுதுபோக்குப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் ஹேண்டிகேப் முறையின் வளர்ச்சி

ஆய்வுச் சிக்கல்

நூறு மீட்டர் ஓட்டத்தை ஒருவர் பன்னிரண்டு வினாடியில் முடித்தார் என்றால், அது எந்த ஊரில் நடந்தாலும் அவருடைய திறனை நம்மால் மதிப்பிட முடியும். தடத்தின் நீளம் எங்கும் ஒன்றே, தளமும் ஏறத்தாழ அப்படியே. மலைச்சரிவில் நடக்கும் பனிச்சறுக்குப் பந்தயத்தில் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு மலைக்கும் சரிவு வேறு. ஒரே மலையிலும் கொடிக்கம்பங்களால் ஆன வாயில்களைத் தினமும் புதிதாக நடுகிறார்கள். காலையில் இறுகிக் கிடக்கும் பனி மதியத்தில் இளகிவிடுகிறது. ஆகவே 25 வினாடி என்ற எண் தனியே நின்று எதையும் சொல்வதில்லை.

தொழில்முறை வீரர்களுக்கு இது பெரிய தடையல்ல. எல்லாரும் ஒரே நாளில் ஒரே தடத்தில் இறங்குகிறார்கள், யார் முந்தினார் என்பது போதும். ஆண்டுக்குச் சில நாள் மட்டும் மலைக்கு வரும் பொழுதுபோக்குச் சறுக்குநருக்கு அது போதாது. சென்ற ஆண்டைவிட நான் தேறியிருக்கிறேனா, வேறொரு மலையில் சறுக்கும் என் வயதுக்காரரோடு ஒப்பிட்டால் நான் எங்கே நிற்கிறேன் என்பதே அவர் கேள்வி. இதற்கு விடையாக ஹேண்டிகேப் முறை உருவாகி, இத்தகைய சறுக்குநர்களைத் திறன் வகுப்புகளாகப் பிரித்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்முறையின் நம்பகத்தன்மை கணக்குச் சூத்திரத்தைவிட, நாள்தோறும் முதலில் இறங்கும் ஒரு மனிதரின் சீரான ஓட்டத்தையே சார்ந்திருக்கிறது என்பது இதன் வாதம்.

கடிகாரத்திற்கு முன்னும் பின்னும்

மலையிறக்கப் பந்தயத்தின் தொடக்கக் காலத்தில் அளவீடு எளியது. 1911இல் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் பிரிட்டிஷ் சறுக்குநர்கள் நடத்திய ராபர்ட்ஸ் ஆஃப் கந்தகார் போட்டியில் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். முதலில் அடிவாரம் சேர்ந்தவர் வென்றார். இத்தகைய பந்தயத்தில் கிடைப்பது வரிசை மட்டுமே.

1922இல் பிரிட்டிஷ் சறுக்குநர் ஆர்னல்ட் லன் மியூரென் என்ற சுவிஸ் சிற்றூரில் நடத்திய ஸ்லாலம் போட்டி ஒரு திருப்பம். அதற்கு முந்தைய ஸ்லாலம் போட்டிகளில் சறுக்கும் நடைக்கும் மதிப்பெண் உண்டு. லன் அதை நீக்கி, வாயில்களைக் கடந்து முடிக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் கொண்டார். நேரம் அளவாகிவிட்டால் இடைவெளியையும் அளக்கலாம். இரண்டாவதாக வந்தவர் எவ்வளவு பின்தங்கினார் என்பது அப்போதுதான் எண்ணாக மாறியது. பிற்கால ஹேண்டிகேப் கணக்கு முழுவதும் இந்த இடைவெளியின் மீது எழுந்ததே.

ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் திறன் வகுப்பைத் தீர்மானித்தது நேர இடைவெளியல்ல. அமெரிக்காவில் வட்டாரச் சங்கங்கள் பந்தயக்காரர்களை ஏ, பி, சி எனப் பிரித்தன. கீழ் வகுப்பில் நன்றாக ஓடியவர் மேல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டார். சங்கப் போட்டிகளில் தொடர்ந்து கலந்துகொள்பவர்களுக்கே இது பயன்பட்டது. விடுமுறைக்கு வந்து போகும் இலட்சக்கணக்கானோர் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தார்கள்.

கடன் வாங்கிய கருத்து

ஹேண்டிகேப் என்ற கருத்து பனிச்சறுக்கில் பிறந்ததல்ல. குதிரைப் பந்தயத்தில் அது பழைய வழக்கம். இங்கிலாந்தில் 1855இல் ஜாக்கி கிளப்பின் ஹேண்டிகேப் அலுவலராகப் பொறுப்பேற்ற அட்மிரல் ரௌஸ், ஒவ்வொரு குதிரையும் சுமக்க வேண்டிய எடையைத் திறனுக்கேற்ப வகுத்தார். வலிய குதிரைக்குக் கூடுதல் சுமை, மெலிய குதிரைக்குக் குறைந்த சுமை. இறுதிக்கோட்டில் எல்லாம் சமமாக வந்து சேர வேண்டும் என்பது நோக்கம்.

கோல்ஃப் இதை வேறு திசையில் வளர்த்தது. ஒவ்வொரு மைதானத்துக்கும் ஓர் இலக்கு எண் உண்டு. அதற்குப் பெயர் பார். அந்த இலக்கிலிருந்து ஒருவர் வழக்கமாக எவ்வளவு விலகுகிறார் என்பதையொட்டி அவருடைய ஹேண்டிகேப் அமைகிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1911இல் நாடு தழுவிய முறையை ஏற்றது. சமப்படுத்தும் வேலை கோல்ஃபில் தொடர்ந்தாலும், ஹேண்டிகேப் எண்ணே ஆட்டக்காரரின் தகுதியைச் சொல்லும் அடையாளமாகிவிட்டது.

பனிச்சறுக்கு எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் பயனைத்தான். இங்கே யாருக்கும் சுமை ஏற்றப்படுவதில்லை. மெதுவாகச் சறுக்குபவருக்கு முன்கூட்டியே புறப்பாடு தரப்படுவதுமில்லை. அளப்பதும் வகைப்படுத்துவதும் மட்டுமே ஹேண்டிகேப்பின் பணி.

பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்கு

கோல்ஃபின் பார் மைதானத்தோடு நிலைத்து நிற்பது. பனிச்சரிவிலோ அதைத் தினமும் புதிதாக உண்டாக்க வேண்டும். இதற்கு வழி கண்டவர்கள் பிரெஞ்சுப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள். அவர்களுடைய பள்ளிகளில் ஷமுவா என்ற ஸ்லாலம் தேர்வு நடக்கிறது. பயிற்சியாளர்கள் பருவத்தின் தொடக்கத்தில் ஓர் இடத்தில் கூடி ஓடுவார்கள். மிக விரைவானவரைவிடத் தான் எவ்வளவு பின்தங்கியவர் என்ற விகிதத்தோடு ஒவ்வொருவரும் தம் ஊர் திரும்புவார். அங்கே தேர்வு நாளில் அவர் முதலில் இறங்கும்போது, அந்த விகிதத்தைக் கழித்தால் தேசிய வேகத்துக்கான நேரம் கிடைத்துவிடும். மாணவர்கள் பெறும் தங்கம், வெள்ளி, வெண்கலப் பதக்கங்கள் அதை வைத்தே முடிவாகும்.

அமெரிக்காவின் ஸ்கி இதழின் ஆசிரியராக இருந்த ஜான் ஃபிரை இந்தப் பிரெஞ்சு நடைமுறையையும் கோல்ஃபின் பார் கருத்தையும் இணைத்தார். 1968இல் நாஸ்டார் என்ற பொதுமக்கள் பந்தயத் திட்டம் தொடங்கியது. ‘தேசியத் தரப் பந்தயம்’ என்பது அப்பெயரின் விரிவு. எட்டு மையங்களில் தொடங்கிய இது, அமெரிக்கத் தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் பாப் பீட்டி பொறுப்பேற்ற பின் நாடெங்கும் பரவியது.

காலப் பொருத்தம் கவனிக்கத்தக்கது. உலகக் கோப்பைப் பந்தயத் தொடர் தொடங்கியது 1967இல். அதில் புள்ளிகள் இடத்துக்கு வழங்கப்படுகின்றன. நூறில் ஒரு வினாடியில் தோற்றாலும் இரண்டாம் இடம் இரண்டாம் இடமே. மறு ஆண்டிலேயே பொதுமக்களுக்கு இடத்தைப் பொருட்படுத்தாத, நேர இடைவெளியை மட்டும் அளக்கும் முறை வந்தது. கடைசியாக வந்தவரும் வெண்கலம் வெல்லலாம் என்பது அதன் சமூகப் பொருள்.

கணக்கு இயங்கும் விதம்

ஒரு மையத்தில் நாள்தோறும் முதலில் இறங்கும் முன்னோட்டக்காரருக்குத் தகுதி ஓட்டத்தில் 5 என்ற ஹேண்டிகேப் கிடைத்திருக்கிறது என்று கொள்வோம். தேசிய அளவுகோலாகிய சுழிய வீரரைவிட அவர் 5 விழுக்காடு மெதுவானவர் என்பது இதன் பொருள். இன்று காலை அவர் தடத்தை 21.00 வினாடியில் முடிக்கிறார். 21.00ஐ 1.05ஆல் வகுத்தால் 20.00. அதுவே இன்றைய பார் நேரம். சுழிய வீரர் வந்திருந்தால் எடுத்திருக்கக்கூடிய நேரம். ஒரு விருந்தினர் 25.00 வினாடியில் முடித்தால் அவர் பாரைவிட 5 வினாடி, அதாவது 25 விழுக்காடு பின்தங்கியவர். அவருடைய ஹேண்டிகேப் 25.

இந்த எண் எல்லாருக்கும் ஒரே விதமாகக் கணக்கிடப்படுகிறது. பதக்க எல்லைகள் அப்படியல்ல. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப அவை மாறுகின்றன. இருபத்தைந்து வயது இளைஞருக்கு வெண்கலம் தரும் எண், எழுபது வயதுப் பெரியவருக்கு அதைவிட உயர்ந்த பதக்கத்தைத் தரக்கூடும். வெண்கலம், வெள்ளி, தங்கத்தோடு பின்னர் பிளாட்டினமும் சேர்ந்தது. தேசிய இறுதிப் போட்டியில் இவையே திறன் வகுப்புகளாகின்றன. வெள்ளிக்காரர் வெள்ளிக்காரரோடு மோதுகிறார்.

பிழைகள் புகும் இடங்கள்

சுழிய வீரர், மைய முன்னோட்டக்காரர், விருந்தினர் என்று நீளும் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பிழை புகலாம். மேற்கண்ட முன்னோட்டக்காரர் பருவத்தின் நடுவில் தேறி, உண்மையில் 3 விழுக்காட்டுக்காரர் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதே தடத்தை அவர் 20.60 வினாடியில் முடிப்பார். பழைய எண்ணான 5ஐ வைத்துக் கணக்கிட்டால் பார் 19.62 ஆகிறது. அதே 25.00 வினாடிக்கு விருந்தினரின் ஹேண்டிகேப் இப்போது 27.4. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் பதக்கத்தை இழக்கலாம். முன்னோட்டக்காரர் ஒரு வாயிலில் தடுமாறி மெதுவாக வந்தாலோ, அன்று பந்தயமிட்ட அனைவருக்கும் காரணமின்றி உயர்வு கிடைக்கும்.

பனியின் நிலை இரண்டாவது சிக்கல். காலையில் நிர்ணயித்த பாரோடு, பள்ளம் விழுந்த மதியத் தடத்தில் இறங்குபவரை ஒப்பிடுவது நியாயமல்ல. நிலைமை மாறும்போது முன்னோட்டக்காரர் மீண்டும் ஓடுவதே இதற்கு மருந்து.

மூன்றாவது சிக்கல் விகிதக் கணக்கின் அடிப்படையிலேயே இருக்கிறது. தடம் எளிதாயிருந்தால் வல்லவருக்கும் புதியவருக்கும் இடைவெளி சுருங்கும். செங்குத்தும் உறைபனியுமாயிருந்தால் விரியும். கோல்ஃப் இதே சிக்கலை 1980களில் சந்தித்தது. ஒரு மைதானம் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைச் சொல்லும் சரிவு மதிப்பெண்ணை அமெரிக்கச் சங்கம் அப்போது நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொழுதுபோக்குச் சறுக்குப் பந்தயத்தின் எளிய விகிதக் கணக்கில் இத்தகைய திருத்தம் இல்லை. அதனால் இரு வேறு மலைகளில் பெற்ற 25கள் நெருக்கமானவை, முற்றிலும் ஒன்றல்ல.

பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான ஃபிஸ்ஸின் புள்ளி முறையோடு ஒப்பிட்டால் இக்கணக்கின் எளிமை தெளிவாகும். அங்கும் நேர விகிதமே அடிப்படை. ஆனால் பந்தய வகைக்கேற்ற பெருக்கெண் உண்டு: ஸ்லாலத்துக்கு 730, ஜெயன்ட் ஸ்லாலத்துக்கு 1010, டவுன்ஹில்லுக்கு 1250 என்ற எண்கள் அண்மைக்காலத்தில் வழக்கில் உள்ளன. ஜெயன்ட் ஸ்லாலத்தில் வென்றவரைவிட 2 விழுக்காடு பின்தங்கியவருக்கு 20.2 புள்ளி சேரும். புள்ளி குறையக் குறையத் தகுதி உயர்வு. மேலும் அன்று முன்னணியில் நின்றவர்கள் பலரின் பழைய புள்ளிகளைக் கொண்டு பந்தயத்தின் தரம் மதிப்பிடப்படுகிறது. ஒருவரின் தடுமாற்றத்தைப் பலரின் சராசரி தாங்கிக்கொள்கிறது. பொழுதுபோக்குப் பந்தயத்தில் அந்தச் சுமை முழுவதையும் ஒரே முன்னோட்டக்காரர் தாங்குகிறார்.

வேண்டுமென்றே மெதுவாக ஓடித் தாழ்ந்த வகுப்பில் இடம் பிடிப்பது நான்காவது சிக்கல். வேண்டுமென்றே மோசமாக ஆடுவது கோல்ஃபிலும் பழைய நோய். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை அண்மைய இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சராசரியை விடுத்துச் சிறந்த ஓட்டங்களைக் கணக்கிடும் கொள்கை சறுக்குப் பந்தயத்துக்கும் பொருந்தும். மெதுவாக ஓடிய நாள் கணக்கில் ஏறாதபோது, ஏமாற்றுபவருக்கு ஆதாயம் மிகக் குறைவு.

முடிவுரை

ஒன்றாகப் புறப்படும் பந்தயத்திலிருந்து தனித்தனி நேரத்துக்கும், நேரத்திலிருந்து விகிதத்துக்கும், விகிதத்திலிருந்து வகுப்புக்கும் நகர்ந்த இவ்வளர்ச்சி, வெற்றியின் பொருளையே பொதுமக்களுக்காக விரித்தது. ஒருவரை வெல்லாமலும் முன்னேற முடியும், அதை நிரூபிக்கவும் முடியும் என்று அது காட்டியது. இதை மதிக்கும் பந்தய மையங்கள் மூன்றைச் செய்ய வேண்டும்: முன்னோட்டக்காரர்களைப் பருவத்துக்கு ஒருமுறையோடு நிறுத்தாமல் அடிக்கடி மறுமதிப்பீடு செய்வது, பனி மாறும்போதெல்லாம் அவர்களை மீண்டும் இறக்குவது, அன்றைய பார் எவருடைய எந்த ஓட்டத்தால் கிடைத்தது என்பதைத் தொடக்க வாயிலிலேயே எழுதி வைப்பது. தன் எண் எப்படி வந்தது என்று சரிபார்க்க முடிந்தால்தான், தன் வகுப்பு நியாயமானது என்று கடைசியாக வந்தவரும் ஏற்பார்.